மெட்டபாலிக் சிண்ட்ரோம்: எவ்வளவு முற்றியிருக்கிறது, எந்தச் சிகிச்சை கைகொடுக்கும்? ரிப்போர்ட்டை வைத்துக் கணிக்க ஒரு வழிகாட்டி

மாஸ்டர் ஹெல்த் செக்-அப் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெரும்பாலானோர் கேட்பது, "எனக்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம் இருக்கா, இல்லையா?" என்றுதான். அதற்குப் பதில் சொல்வது சுலபம். இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒரு வகைக் கொழுப்பு), எச்.டி.எல். (நல்ல கொழுப்பு) ஆகிய ஐந்து அளவுகளில் மூன்று எல்லை தாண்டியிருந்தால் இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பதிலோடு நின்றுவிடுவதுதான் பிரச்சினை. எந்த அளவுக்கு முற்றியிருக்கிறது, உறுப்புகள் எதையாவது தொட்டுவிட்டதா, என்ன சிகிச்சை செய்தால் எவ்வளவு பலனை எதிர்பார்க்கலாம் என்பவைதான் அடுத்த பத்து வருடத்தைத் தீர்மானிக்கிற கேள்விகள். இவற்றுக்குப் பெரிய செலவில்லாமல், சாதாரண ரத்தப் பரிசோதனையும் ஓர் இன்ச் டேப்பும் வைத்தே ஓரளவு நல்ல விடை காணலாம்.

இது டாக்டருக்குப் பதிலாக அல்ல, டாக்டரிடம் போவதற்கு முன் தயாராவதற்காக. மாத்திரையைத் தொடங்குவதும் நிறுத்துவதும் அவர் முடிவு. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அளவுகோல்கள் வேறு என்பதால் அவர்களுக்கு இந்தக் கணக்குகளைப் போடாதீர்கள்.

முதல் படி: அளவுகளைச் சரியாக எடுங்கள்

இதில் அவசரப்பட்டால் பின்னால் போடும் எல்லாக் கணக்கும் வீண்.

இடுப்புச் சுற்றளவு என்றவுடன் பலர் வேட்டியோ பேன்ட்டோ சேலையோ கட்டும் இடத்தில் டேப்பை வைக்கிறார்கள். தொப்பை உள்ளவர்களுக்கு அது வயிற்றுக்குக் கீழே போய்விடும். அளவு குறைத்துக் காட்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் முறை இது: கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்பையும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். மூச்சை இயல்பாக வெளியே விட்டு முடிக்கும்போது அளவைப் பாருங்கள். வயிற்றை உள்ளே இழுக்க வேண்டாம், டேப்பை இறுக்கவும் வேண்டாம். துணிக்கு மேல் அளக்காதீர்கள். அடுத்த முறையும் இதே இடத்தில், முடிந்தால் அதே ஆள் அளக்கட்டும்.

ரத்த அழுத்தத்துக்கு ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்கணும், பாதம் தரையில் பதிந்திருக்கணும், கை இதயத்தின் மட்டத்தில் இருக்கணும். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, டீ, சிகரெட் கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டும் உட்காரக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள். பஸ்ஸைப் பிடித்து ஓடிவந்து டோக்கன் வாங்கிய கையோடு எடுத்த ஒரே ஒரு அளவை வைத்து யாரையும் பிரஷர் நோயாளி ஆக்கக் கூடாது.

ரத்தம் கொடுக்க 10 முதல் 12 மணி நேரம் வெறும் வயிறு; தண்ணீர் குடிக்கலாம். முந்தைய நாள் கல்யாண விருந்தோ மதுவோ இருந்தால் ட்ரைகிளிசரைடு எகிறி நிற்கும். காய்ச்சல், தொற்று இருக்கும் வாரத்தில் எடுக்காதீர்கள். ட்ரைகிளிசரைடு ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் ஐந்தில் ஒரு பங்கு வரை ஏறி இறங்கும் இயல்புடையது. 170 என்று வந்தது அடுத்த முறை 145 என்று வந்தால் அதைச் சிகிச்சையின் வெற்றி என்று உடனே எடுத்துக்கொள்ள முடியாது.

எச்.பி.ஏ1சி (சுருக்கமாக ஏ1சி) ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் நல்ல பரிசோதனை. ஆனால் இரும்புச்சத்துக் குறைவு ரத்தசோகை இருந்தால் அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். நம் பெண்களில் ரத்தசோகை அவ்வளவு பரவலாக இருப்பதால், ஹீமோகுளோபினைப் பார்க்காமல் ஏ1சியை மட்டும் நம்புவது சரியில்லை.

இரண்டாம் படி: ஐந்தையும் எண்ணுங்கள், பிறகு தூரத்தைப் பாருங்கள்

2009-இல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பும் அமெரிக்க இதயச் சங்கமும் வேறு சில அமைப்புகளும் கூடி ஒப்புக்கொண்ட வரையறை இது:

இடுப்புச் சுற்றளவு, தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. அல்லது அதற்கு மேல்.
ட்ரைகிளிசரைடு 150 அல்லது அதற்கு மேல்.
எச்.டி.எல். ஆண்களுக்கு 40-க்குக் கீழே, பெண்களுக்கு 50-க்குக் கீழே.
ரத்த அழுத்தம், மேல் அளவு 130 அல்லது கீழ் அளவு 85, அல்லது அதற்கு மேல்.
வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல்.

மாத்திரை சாப்பிட்டு அளவு சரியாகியிருந்தாலும் அது எண்ணிக்கையில் சேரும். "பிரஷர் மாத்திரை போடுறேன், இப்போ 120 தான் இருக்கு" என்பவருக்கும் அது ஒன்று.

இப்போது இரண்டு பேரை வைத்துக் கணக்குப் போடுவோம். இருவரும் 45 வயது ஆண்கள், கற்பனை ஆட்கள். முதலாமவர் உயரம் 170 செ.மீ., இடுப்பு 91, பிரஷர் 132/80, ட்ரைகிளிசரைடு 155, எச்.டி.எல். 44, சர்க்கரை 96. இரண்டாமவர் உயரம் 165, இடுப்பு 106, பிரஷர் 128/82, ட்ரைகிளிசரைடு 280, எச்.டி.எல். 34, சர்க்கரை 98. இருவருக்கும் ஐந்தில் மூன்று. ரிப்போர்ட்டில் இருவருக்கும் ஒரே பெயர்தான் எழுதுவார்கள். முதலாமவர் மூன்று வேலிகளையும் மயிரிழையில் தாண்டியவர். இரண்டாமவர் மூன்றையும் தாண்டி வெகுதூரம் போய்விட்டவர்.

இந்த தூரத்தை அளக்க மூன்று எளிய கணக்குகள் உண்டு.

ஒன்று, இடுப்பை உயரத்தால் வகுப்பது. 0.5-க்குள் இருக்க வேண்டும். முதலாமவருக்கு 0.54, இரண்டாமவருக்கு 0.64.

இரண்டு, ட்ரைகிளிசரைடை எச்.டி.எல்.லால் வகுப்பது. முதலாமவருக்கு 3.5, இரண்டாமவருக்கு 8.2. இந்த விகிதம் ஏற ஏற இன்சுலின் எதிர்ப்பு (சுரக்கும் இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காத நிலை) கூடுதலாக இருக்கும் என்று கொள்ளலாம்.

மூன்று, ட்ரைகிளிசரைடு–குளுக்கோஸ் குறியீடு. ட்ரைகிளிசரைடையும் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் பெருக்கி, இரண்டால் வகுத்து, வருவதற்கு இயல் மடக்கை காணுங்கள். போன் கால்குலேட்டரில் எல்.என். என்ற பொத்தான் அதுதான். முதலாமவருக்கு 8.91, இரண்டாமவருக்கு 9.53. பார்ப்பதற்குச் சின்ன வித்தியாசம்போல் தெரியும். மடக்கை அளவு என்பதால் உள்ளே இருக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட இரு மடங்கு. இரண்டாமவரின் சர்க்கரை 98, அதாவது "நார்மல்" என்பதையும் கவனியுங்கள். சர்க்கரை மட்டும் பார்ப்பவர் இவரை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

இன்சுலின் அளவையும் எடுத்து ஹோமா-ஐ.ஆர். கணக்குப் போடும் வழக்கம் உண்டு: சர்க்கரையையும் இன்சுலினையும் பெருக்கி 405-ஆல் வகுப்பார்கள். லேபுக்கு லேப் இன்சுலின் அளக்கும் முறை மாறுவதால், ஒரு லேபின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. என்னைக் கேட்டால், தொடக்கத்தில் அந்தக் காசை மிச்சம் பிடித்து, 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் பரிசோதனைக்குச் செலவழிக்கலாம். ஏன் என்று நான்காம் படியில் சொல்கிறேன்.

இணையத்தில் மெட்டபாலிக் சிண்ட்ரோம் தீவிரத்துக்கு ஒரே எண்ணாக மதிப்பெண் தரும் கால்குலேட்டர்களும் கிடைக்கின்றன. அவற்றில் பேர்பெற்றது அமெரிக்க மக்களின் தரவை ஆண், பெண், இனம் எனப் பிரித்து உருவாக்கியது. தெற்காசியருக்கென்று அதில் தனிச் சமன்பாடு இல்லை. நம் உடல்வாகில் குறைந்த எடையிலேயே வயிற்றுக் கொழுப்பும் சர்க்கரையும் வந்துவிடும் என்பதால், அந்த மதிப்பெண்ணை ஊராரோடு ஒப்பிடப் பயன்படுத்த வேண்டாம். உங்கள் சொந்த எண் ஆறு மாதத்தில் ஏறியதா, இறங்கியதா என்று பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

நமக்கென்றே சென்னையில் உருவான மதிப்பெண் ஒன்று இருக்கிறது. சென்னை நகர்ப்புற–கிராமப்புற ஆய்வின் தரவிலிருந்து 2005-இல் வெளிவந்த இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் அது. வயது 35-க்குக் கீழ் என்றால் 0, 35 முதல் 49 வரை 20, 50-க்கு மேல் 30. இடுப்பு ஆண்களுக்கு 90 முதல் 99 வரை 10, 100-க்கு மேல் 20. பெண்களுக்கு 80 முதல் 89 வரை 10, 90-க்கு மேல் 20. உடற்பயிற்சியும் கடின உழைப்பும் இரண்டும் இருந்தால் 0, ஏதாவது ஒன்று இருந்தால் 20, இரண்டும் இல்லையென்றால் 30. பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. கூட்டினால் 60-ஐத் தொட்டுவிட்டால் அபாயம் அதிகம். ரத்தம் எடுக்காமலேயே சொல்லிவிடலாம் என்பது இதன் அழகு. ஆனால் இது சர்க்கரை வரும் வாய்ப்பை மட்டும் சொல்வது. மாரடைப்பைக் கணிப்பதற்காக உருவானதல்ல.

ஒரு எச்சரிக்கை. கெட்ட கொழுப்பு எனும் எல்.டி.எல். இந்த ஐந்தில் இல்லை. "ஐந்தும் சரியாகிவிட்டது" என்பவருக்கு எல்.டி.எல். 170 இருக்கலாம், அதற்குத் தனியாக வைத்தியம் வேண்டும். புகைப்பழக்கமும் ஐந்தில் இல்லை.

மூன்றாம் படி: உறுப்புகளைத் தொட்டுவிட்டதா?

தீவிரம் என்பதன் உண்மையான பொருள் இங்கேதான் இருக்கிறது. எண்கள் எவ்வளவு மோசமாக இருந்தாலும் உறுப்புகள் நன்றாக இருந்தால் காலம் இன்னும் நம் பக்கம்.

கல்லீரலுக்கு: அல்ட்ராசவுண்டில் "ஃபேட்டி லிவர் கிரேடு 1" என்று வந்தால் பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். கேட்க வேண்டியது கொழுப்பு எவ்வளவு என்பதைவிட, தழும்பு விழத் தொடங்கிவிட்டதா என்பது. ஃபிப்-4 என்று ஒரு கணக்கு: வயதையும் ஏ.எஸ்.டி.யையும் பெருக்குங்கள் (ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. இரண்டும் கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனையில் வரும் அளவுகள்). பிளேட்லெட்டை ஆயிரங்களில் எடுத்து (2,10,000 என்றால் 210), ஏ.எல்.டி.யின் வர்க்கமூலத்தோடு பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். 1.3-க்குக் கீழே வந்தால் கடுமையான தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. 65 வயதுக்கு மேல் இந்த எல்லை 2.0. எல்லைக்கு மேல் வந்தால் ஃபைப்ரோஸ்கேன் (கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஸ்கேன்) தேவையா என்று கேளுங்கள். 2.67-ஐத் தாண்டினால் கல்லீரல் நிபுணரைத் தாமதிக்காமல் பார்க்க வேண்டும். 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கு நம்பகமானதல்ல. நம் இரண்டாமவருக்கு ஏ.எஸ்.டி. 38, ஏ.எல்.டி. 52, பிளேட்லெட் 2,10,000 என்று வைத்தால் 1.13 வரும். இந்தக் கணக்குப்படி அவர் கல்லீரல் இன்னும் தப்பித்திருக்கிறது.

சிறுநீரகத்துக்கு: கிரியாட்டினின் மட்டும் போதாது. சிறுநீரில் ஆல்புமின் (ஒரு புரதம்)–கிரியாட்டினின் விகிதம் பாருங்கள். 30-க்கு மேல் தொடர்ந்து இருந்தால் அது சிறுநீரகத்துக்கும் ரத்தக் குழாய்க்கும் சேர்த்து எச்சரிக்கை.

இரண்டு நிலைகளில் இந்தக் கணக்கையெல்லாம் ஒதுக்கிவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும். ட்ரைகிளிசரைடு 500-ஐத் தாண்டினால் கணைய அழற்சி அபாயம் இருப்பதால் முதலில் அதைக் குறைப்பார்கள். பிரஷர் 180/120-ஐத் தாண்டி, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ பேச்சுக் குழறலோ இருந்தால் அவசரச் சிகிச்சைப் பிரிவு.

நான்காம் படி: எந்தச் சிகிச்சை எனக்குப் பலன் தரும்?

இதைத் துல்லியமாகச் சொல்லிவிட யாராலும் முடியாது. ஆனால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்ல நல்ல ஆய்வுகள் இருக்கின்றன, அதுவும் நம் ஊரிலேயே.

அமெரிக்காவில் 2002-இல் வெளிவந்த நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தில், உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரம் 150 நிமிட நடையும் இலக்கு. சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்தவர்களுக்கு 31 சதவீதம். சராசரியை உடைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாழ்க்கைமுறை மாற்றம் 71 சதவீதம் பலன் தந்தது, மெட்ஃபார்மின் மிகக் குறைவாகவே உதவியது. மிகப் பருமனானவர்களுக்கும், கர்ப்பகாலச் சர்க்கரை வந்திருந்த பெண்களுக்கும் மெட்ஃபார்மின் நன்றாக வேலை செய்தது. பருமன் குறைவானவர்களுக்கு அது ஏறக்குறைய ஒன்றும் செய்யவில்லை.

இதைப் படித்துவிட்டு "நான் ஒல்லிதான், எனக்கு மெட்ஃபார்மின் வேலை செய்யாது" என்று முடிவெடுத்துவிடாதீர்கள். 2006-இல் சென்னை டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் கலந்துகொண்டவர்களின் சராசரி பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் எண்) 26-ஐ ஒட்டித்தான் இருந்தது. அங்கே குறைந்த அளவு மெட்ஃபார்மினே 26.4 சதவீதம் பலன் தந்தது. வாழ்க்கைமுறை மாற்றம் 28.5 சதவீதம். இரண்டையும் சேர்த்தபோது 28.2, கூடுதல் பலன் எதுவும் இல்லை. அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: வாழ்க்கைமுறையை மாற்றியவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை, ஆனாலும் பலன் கிடைத்தது. எடை மெஷின் அசையவில்லை என்று நடையை விட்டுவிடும் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

அடுத்தது, குளுக்கோஸ் குடித்து எடுக்கும் பரிசோதனை ஏன் என்ற கேள்வி. சென்னையில் நடந்து 2016-இல் வெளிவந்த டி-கிளிப் என்ற ஆய்வில், உடற்பயிற்சி, உணவு, தேவைப்பட்டவர்களுக்கு மெட்ஃபார்மின் என்று படிப்படியாகக் கொடுத்தார்கள். மொத்தத்தில் 32 சதவீதம் பலன். குளுக்கோஸ் குடித்த இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் சர்க்கரை கூடியவர்களுக்கு (140 முதல் 199) 30 சதவீதத்துக்கு மேல் பலன் கிடைத்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் கூடியவர்களுக்கு வெறும் 12 சதவீதம். ஆக, உங்களுக்கு எந்த வகை என்று தெரிந்தால் நடைக்கும் உணவு மாற்றத்துக்கும் எவ்வளவு பலனை எதிர்பார்க்கலாம் என்று ஓரளவு ஊகிக்கலாம். வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் கூடியவர்கள் முயற்சியைக் கைவிடக் கூடாது. அடிக்கடி பரிசோதித்துக்கொண்டு, மருந்து பற்றிச் சீக்கிரமே டாக்டரிடம் பேச வேண்டும்.

ஐந்து அளவுகளும் ஒரே வேகத்தில் இறங்காது. உணவுக்கு மிக விரைவாகப் பதில் சொல்வது ட்ரைகிளிசரைடு. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நடத்திய நாடு தழுவிய ஆய்வின்படி இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்து. காலையில் இட்லி, மதியம் சோறு, மாலையில் சர்க்கரை போட்ட டீயும் பஜ்ஜியும், ராத்திரி தோசை என்று ஓடும் நாளில் சோற்றின் அளவைக் குறைத்து, பருப்பு, சுண்டல், முட்டை, மீன், காய் கூட்டினால், மதுவையும் விட்டால், சில வாரங்களில் ட்ரைகிளிசரைடு இறங்குவது தெரியும். ஆரம்பத்தில் எண் எவ்வளவு உயரமோ அவ்வளவு இறக்கம் இருக்கும். நம் இரண்டாமவருக்கு நல்ல பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம் என்று நான் சொல்வது இதனால்தான். உப்பைக் குறைத்தால் பிரஷர் நான்கு வாரத்துக்குள் இறங்கத் தொடங்கும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் இவற்றிலிருந்து ஆரம்பியுங்கள். எச்.டி.எல். பிடிவாதக்காரர், லேசில் ஏறமாட்டார். மருந்தால் அதை ஏற்றிப் பார்த்த பெரிய ஆய்வுகளில் பெரும்பாலானவற்றில் மாரடைப்பு குறையாததால், அந்த எண்ணை வைத்து மனம் தளர வேண்டாம்.

எடை குறைக்கும் ஊசிகளுக்கும் இதே நியாயம். செமாகுளுடைடு ஊசியில், சர்க்கரை இல்லாதவர்களுக்கு 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது, சர்க்கரை உள்ளவர்களுக்கு 10 சதவீதத்தை ஒட்டி. பக்கத்து வீட்டுக்காரருக்கு இறங்கியதைப் பார்த்து உங்களுக்கும் அதே எண்ணை எதிர்பார்க்காதீர்கள்.

மருந்துப் பலனைச் சொல்வதாக விற்கப்படும் ஜீன் டெஸ்ட்களுக்கு இந்த நோயின் வழக்கமான சிகிச்சையில் இப்போதைக்கு இடமில்லை. அந்தக் காசில் வீட்டுக்கு நல்ல பிரஷர் மெஷின் வாங்கலாம்.

ஐந்தாம் படி: முதல் மூன்று மாதம்

எல்லாவற்றையும்விட நல்ல கணிப்பு, உங்கள் உடம்பே ஆரம்பத்தில் காட்டும் மாற்றம். சர்க்கரை நோயாளிகளை வருடக்கணக்கில் தொடர்ந்த லுக் அஹெட் என்ற அமெரிக்க ஆய்வில், முதல் இரண்டு மாதத்தில் எடை இறங்கியவர்களே எட்டு வருடம் கழித்தும் நல்ல நிலையில் இருந்தார்கள். ஆகவே ஒரு நோட்டு போடுங்கள். தொடங்கும் நாளில் எல்லா அளவுகளும். எடையும் இடுப்பும் வாரம் ஒருமுறை, ஒரே கிழமை, காலையில். வீட்டில் பிரஷர் வாரத்தில் சில நாள். கொழுப்புப் பரிசோதனை டாக்டர் சொல்லும் நேரத்தில், பொதுவாக 4 முதல் 12 வாரத்துக்குள். ஏ1சி மூன்று மாதம் கழித்துத்தான், அதற்கு முன்னால் எடுப்பதில் பயனில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷரும் சர்க்கரையும் இலவசமாகவே பார்க்கலாம்.

எடையில் 5 சதவீதம் குறைந்தால் நல்ல பதில். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை எடுப்பவருக்கு எல்.டி.எல். நடுத்தர டோஸில் 30 சதவீதமாவது இறங்க வேண்டும். டோஸை இரட்டிப்பாக்கினால் கூடுதலாகக் கிடைப்பது சுமார் 6 சதவீதம்தான் என்பதால், முதல் டோஸே பெரும்பாலான வேலையைச் செய்திருக்கணும்.

மூன்று மாதமாகியும் எதுவும் அசையவில்லை என்றால், "மருந்து ஒத்துக்கலை" என்று சொல்வதற்கு முன் மாத்திரை அட்டையை எண்ணிப் பாருங்கள். ஞாயிறு விரதம், ஊர்ப் பயணம், "சுகர் இறங்கிடுச்சு, இனி வேணாம்" என்ற எண்ணம் என்று பாதி நாள் விட்டுப்போயிருக்கும். வீட்டில் இருப்பவர்கள் இதைத் திட்டாமல் கேட்டால் உண்மை வரும். மாத்திரை ஒழுங்காகப் போயிருந்தால், அடுத்து வேறு காரணங்களைத் தேட டாக்டரிடம் சொல்லுங்கள்: தைராய்டு குறைவு, மூட்டுவலிக்கோ ஆஸ்துமாவுக்கோ எடுக்கும் ஸ்டீராய்டு, ஓலன்சபைன் போன்ற மனநல மருந்துகள், இளம் பெண்களுக்கு சினைப்பை நீர்க்கட்டி. மனநல மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தவே கூடாது. எழுதிக்கொடுத்த டாக்டரிடம் மாற்று கேட்கலாம். பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்து, இரண்டு மூன்று மாத்திரைக்கும் பிரஷர் மசியவில்லை என்றால், தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று ஓர் இரவு தூக்கப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.